ஐந்தடி இரண்டங்குலம்

அத்தியாயம் 5

மாருதி 800 காரைத் தேரிக்காட்டுச் செம்மணல் மேடுகளில் ஓட்டுகிறவர்களைப் பற்றி பிளாரன்ஸுக்கு ஒரே ஒரு அபிப்பிராயம்தான் இருந்தது. நாலு பேர் நடுவில் அதைச் சொல்ல மாட்டாள். இப்போது ஜேசுபாதத்தின் பட்டறையில் அவளும் துப்பறிவாளர் சுதர்சனமும் மட்டும்தான் இருந்தார்கள். அதனால் தாராளமாகச் சொன்னாள்.

"கிறுக்குப்பயலுவ சார். காய்கறி வாங்கப் போறதுக்குச் செஞ்ச வண்டிய ஆளுயரத்துக்குத் தூக்குதான். கொண்டுபோய் மண்ணுல புதைக்கான். பெறவு டிராக்டர் வச்சு இழுத்துட்டு வாரான். இதுக்கு ஒரு சங்கம், அதுக்கு ஒரு தலைவர்."

சுதர்சனம் ஆழ்வார்திருநகரிக்காரர். இருபத்திரண்டு வருஷம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய வண்டிகளைப் பார்வையிட்டு, பொய் சொல்லுகிறவர்களின் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்து, அதே வேலையைச் சொந்தமாகச் செய்யலாமே என்று துப்பறிய வந்தவர். பிளாரன்ஸ் மணப்பாட்டுக்காரி, ஐந்து வருஷமாக அவருடைய உதவியாளர். கார் ஓட்டுவது, போட்டோ எடுப்பது, அவர் பேசாமல் விட்டதையும் சேர்த்துப் பேசுவது, மூன்றும் அவள் பொறுப்பு.

வழக்கு சின்னதுதான், வயிற்றெரிச்சல் பெரியது. திங்கட்கிழமை விடியற்காலை ஐந்தரை மணிக்கு, தூத்துக்குடியிலிருந்து தருவைகுளம் போகிற வழியிலுள்ள உப்பளத்து வரப்பில் சீனித்தாய் என்ற பெண் உப்பு வாரப் போய்க்கொண்டிருந்தாள். வரப்பு மேட்டில் குதித்து ஏறிய ஒரு கார், பின்பக்கம் சறுக்கி அவளை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமலேயே ஓடிவிட்டது. இடது கால் இரண்டு இடத்தில் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வெள்ளைக் கார், சின்னக் கார், ஆனால் வேண்டாத உயரம் என்று மட்டும் அவளால் சொல்ல முடிந்தது. வரப்பில் கிடந்தது வட்டமான கறுப்பு நைலான் கட்டையில் சரிபாதி.

அந்தக் கட்டையைப் பார்த்ததும் ஊரில் எல்லாரும் ஜேசுபாதத்தின் பெயரைச் சொன்னார்கள். மாருதிக்கு லாரி மாதிரித் தனி சேசிஸ் கிடையாது. தகரப் பெட்டியேதான் சேசிஸ். அதை உயர்த்த வேண்டுமென்றால் ஸ்பிரிங்குக்கும் பாடிக்கும் நடுவில் கட்டை வைக்க வேண்டும், தகரம் கிழியாமலிருக்க அடியில் இரும்புப் பட்டை வைத்து வெல்டிங் அடிக்க வேண்டும். படகு வேலையில் வளர்ந்த ஜேசுபாதம், புரொப்பல்லர் ஷாப்ட்டுக்குப் போடுகிற தடித்த நைலானை லேத்தில் கடைந்து கட்டை செய்தார். சரியாக மூன்று அங்குலம். அதற்கு மேல் ஒரு நூல்கூட ஏற்ற மாட்டார், எவ்வளவு கெஞ்சினாலும் சரி. அவர் கட்டை போட்ட வெள்ளை மாருதி ஊரில் இரண்டுதான். ஒன்று அவருடையது. இன்னொன்று, 'தேரிச் சிங்கங்கள்' என்கிற சங்கத்தின் தலைவர் செந்தூர்வேலுடையது.

இரண்டு வண்டியிலும் நான்கு கட்டைகள் முழுசாக இருந்தன. இன்ஸ்பெக்டர் செல்வதுரை யோசித்தார். பட்டறைக்காரனுக்குக் கட்டையை மாற்ற எவ்வளவு நேரமாகும்? இவ்வளவுதான் அவருடைய யோசனை. நேற்று சாயங்காலம் ஜேசுபாதத்தைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இன்று நாலு மணிக்கு மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்.

அல்போன்சா காபி கொண்டுவந்தாள். ஜேசுபாதத்தின் மனைவி, இவர்களை வரவழைத்தவள். அழுது முடித்துவிட்டு இப்போது கோபத்தில் இருந்தாள், அதுவும் புருஷன் மேல்.

"ஸ்டேஷன்ல ஒரே வார்த்தை சொன்னாவளாம். கட்டை என்னுதுதான்னு. அதோட வாயை மூடிட்டாவ. எங்கிட்டயும் பேசமாட்டேங்காவ. ஓட்டலன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன சார்? திங்கட்கிழமை காலைல என் பக்கத்துல படுத்துக் கிடந்த மனுசன்."

மனைவி சொல்லும் சாட்சியை போலீஸ் எந்தக் காலத்தில் மதித்தது? சுதர்சனம் வேறு கேள்விகள் கேட்டார். அவள் சொன்னதிலிருந்து இரண்டு விஷயங்கள் தெரிந்தன. செவ்வாய்க்கிழமை செந்தூர்வேல் பட்டறைக்கு வந்து அரை மணி நேரம் தனியாகப் பேசிவிட்டுப் போயிருக்கிறார், அதிலிருந்து ஜேசுபாதம் சரியாகச் சாப்பிடவில்லை. இரண்டாவது, அதற்கும் பத்து நாள் முன்னால் செந்தூர்வேல் இன்னொரு செட் கட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார், நாசரேத்தில் இருக்கும் ஒரு கூட்டாளிக்காம். அல்போன்சாவே சாக்கில் சுற்றிக் கொடுத்தாளாம்.

நாசரேத்துக்குப் போகலாமா என்று பிளாரன்ஸ் சாவியை எடுத்தாள். சுதர்சனம் அசையவில்லை. கையில் அவளுடைய செல்போன். உடைந்த கட்டையைக் காலையில் ஸ்டேஷனில் அவள் எடுத்த படங்கள். ஒரு முகத்தில் ஸ்பிரிங் சுருள் அழுத்திய வட்டத் தழும்பு. மறுமுகம் சுத்தக் கறுப்பு. பிறகு மேஜை மேலிருந்த ஒரு பழைய கட்டையை எடுத்தார். ஜேசுபாதம் தன் வண்டியில் முதன்முதலில் போட்டுப் பார்த்துக் கழற்றியதாம். அதிலும் ஒரு முகத்தில் சுருள் தழும்பு. மறுமுகத்தில் வண்டியின் வெள்ளைப் பெயிண்ட் அப்பியிருந்தது. இரண்டையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கட்டையைத் தன் பைக்குள் போட்டுக்கொண்டார். பேப்பர் பறக்காமலிருக்க வெயிட்டுக்கு ஒரு கட்டை வேண்டுமென்றால் கேட்டே வாங்கியிருக்கலாமே என்று பிளாரன்ஸ் நினைத்தாள்.

செந்தூர்வேலின் வீடு பிரையண்ட் நகரில். அப்பாவுக்கு இரும்புக்கடை, பிள்ளைக்கு இருபத்தொன்பது வயது, வேலை தலைவர் வேலை. மார்பில் சிங்கம் போட்ட பனியனோடு வந்து கதவைத் திறந்தார். சங்கத்தில் மொத்தம் ஆறு சிங்கங்கள், அதில் இரண்டுக்கு இன்னும் லைசென்ஸ் வரவில்லை என்று பிளாரன்ஸ் வரும் வழியிலேயே விசாரித்து வைத்திருந்தாள்.

அவர் கொஞ்சமும் பயப்படவில்லை. அதுவே அவளுக்கு ஆத்திரமாக வந்தது. ஜேசுபாதம் பாவம் என்றார். நல்ல கைவேலைக்காரன், என்ன செய்ய, புத்தி கெட்டுப்போச்சு என்று உச்சுக் கொட்டினார். தன் வண்டி திங்கட்கிழமை ஷெட்டை விட்டு வெளியே வரவே இல்லை என்றும், அதற்கு கேமரா சாட்சி இருக்கிறது என்றும் சொல்லி லேப்டாப்பைத் திறந்தார். ஷெட்டின் ஷட்டர் தெரிந்தது. ஞாயிறு சாயங்காலம் ஏழு மணியிலிருந்து திங்கள் காலை ஒன்பது மணி வரை அது மூடியே இருந்தது. ஒரு பூனை மட்டும் இரண்டு தடவை குறுக்கே போனது.

"ஒன்பதுக்கு மேல ஓட்டுங்கோ தம்பி" என்றார் சுதர்சனம்.

"அதுக்கு மேல இல்ல சார். அழிஞ்சுபோச்சு."

"பூனை அழிச்சிருக்கும்" என்றாள் பிளாரன்ஸ்.

செந்தூர்வேல் அதைக் காதில் வாங்காமல் ஷெட்டுக்கே அழைத்துக்கொண்டு போனார். முன்னால் சிமெண்ட்டில் ஒரு சரிவு. ஊரையே முழுக்கிய டிசம்பர் வெள்ளத்தில் வண்டியின் சீட் வரை தண்ணீர் ஏறிவிட்டதாம். அதனால் ஷெட்டின் தரையை இரண்டடி உயர்த்திக் கான்கிரீட் போட்டாராம். வாசலின் மேல் நிலையையும் உயர்த்திவிடலாமா என்று கொத்தனார் கேட்டதற்கு, கார்தானே போகப் போகிறது, யானையா போகப் போகிறது என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாராம். இதைப் பெரிய கெட்டிக்காரத்தனமாக அவர் சொன்னார்.

சுதர்சனம் நன்றாகவே குனிந்து உள்ளே போனார். செந்தூர்வேலும் குனிந்தார். பிளாரன்ஸ் மட்டும் நிமிர்ந்தபடியே போனாள். ஷட்டரின் விளிம்பு அவள் தலைமுடியைத் தடவியது.

"எனக்குன்னு அளவெடுத்துக் கட்டின மாதிரி இருக்கு சார்."

"நீ எவ்வளவு உயரம்மா?"

"அஞ்சடி. பள்ளிக்கூடத்துல இருந்து அதே அஞ்சடிதான்."

சுதர்சனம் தலையை ஆட்டிக்கொண்டார். உள்ளே வெள்ளை மாருதி நின்றது. கொழுத்த டயர், மண்டையில் விளக்கு வரிசை ஒன்றுமில்லை, பானெட்டில் மட்டும் கர்ஜிக்கிற சிங்கம். செந்தூர்வேல் டார்ச் அடித்து நான்கு கட்டைகளையும் காட்டினார். உடைசல் இல்லை, கீறல் இல்லை, எண்ணிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். பிளாரன்ஸ் பக்கத்தில் நின்று பார்த்தாள். வண்டியின் கூரை அவள் நெற்றிக்குத்தான் வந்தது. அவள் உச்சந்தலை அதற்கு ஒரு விரல் மேலே நின்றது.

அப்போதுதான் அவளுக்கு நாக்கு அரித்தது. இந்த மாதிரி ஆளைப் பேச வைக்க அடிக்க வேண்டாம், மிரட்ட வேண்டாம், கொஞ்சம் சீண்டினால் போதும்.

"அண்ணாச்சி, நேர்ல பாத்தா இம்புட்டுதானா? வீடியோல மலை மாதிரி இருந்துச்சே."

செந்தூர்வேலுக்குச் சுருக்கென்றது. போன ஞாயிற்றுக்கிழமை போட்ட ரீல்ஸைப் பார்க்கவில்லையா என்று கேட்டார். பார்க்கவில்லை என்றாள். அவரே எடுத்துக் கொடுத்தார். தேரியின் செம்மண்ணில், சாயங்கால வெயிலில், இதே வண்டி நின்றது. பக்கத்தில் இவர், கையில் இன்ச் டேப். டயரின் அடியிலிருந்து கூரை வரை அளந்து காட்டி, தமிழ்நாட்டிலேயே உயரமான மாருதி, அஞ்சடி ரெண்டு இஞ்ச் மக்களே என்று கூவினார். நாளைக்குச் சூரிய உதயத்தோடு அடுத்த வீடியோ என்று கடைசியில் வேறு சொன்னார். இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் பிடித்திருந்தது.

பிளாரன்ஸ் ஷட்டர் வாசலுக்குப் போய், விளிம்புக்கு நேர் கீழே நிமிர்ந்து நின்று, தலைக்கு மேல் கையை வைத்துக் காட்டினாள். கை நுழைய இடமில்லை.

"வாசல் அஞ்சடி" என்றார் சுதர்சனம். "ஞாயிறு சாயங்காலம் வண்டி அஞ்சடி ரெண்டு அங்குலம். இது எப்படித் தம்பி உள்ள வந்துது?"

செந்தூர்வேல் டயரில் காற்று இறக்கினேன் என்றார். இரண்டங்குலம் காற்று இறக்கினால் டயர் இருக்காது, ரிம்தான் இருக்கும் என்றார் சுதர்சனம். பிறகு சாவகாசமாக எடுத்துச் சொன்னார். சாயங்கால வெயிலில் தேரியில் நின்ற வண்டி, ஏழு மணிக்குள் ஊருக்கு வந்து, உயரம் குறைந்து, ஷெட்டுக்குள் போயிருக்க முடியாது. கேமரா பொய் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஷட்டர் மூடித்தான் இருந்தது. உள்ளே வண்டி இல்லை, அவ்வளவுதான். வெளியே தெருவில் நின்றது, விடியற்காலையில் உப்பளத்துக்குப் போனது. திரும்பி வந்ததும் உயரத்தைக் குறைத்து உள்ளே தள்ளினீர்கள். அதனால்தான் ஒன்பது மணிக்கு மேல் படம் அழிந்துபோனது. உங்கள் வண்டி இப்போது இந்த ஷெட்டுக்குள் நிற்கிறதே, அது ஒன்று போதும்.

கெட்டிக்காரப் பயல் சரிந்துவிடுவான் என்று பிளாரன்ஸ் எதிர்பார்த்தாள். சரியவில்லை. சிங்கப் பனியனை இழுத்துவிட்டுக்கொண்டு சிரித்தான். இனிமேல் அவனுக்கு 'ர்' போட அவளுக்கு மனம் வரவில்லை.

"சரி, வண்டி வெளியதான் நின்னுச்சு. இப்ப என்ன? வரப்புல உடைஞ்சது யாரு கட்டை? ஓட்டிட்டிருக்கும்போது உடைஞ்சா நான் என்ன செய்வேன்? போய் ஜேசுபாதத்தையே கேளுங்க. அவன் என் பேரச் சொல்ல மாட்டான்."

திரும்பி வரும்போது பிளாரன்ஸ் கியரை மாற்றிய வேகத்தில் அவர்களுடைய காரே முனகியது. ஒரு பெண்ணின் காலை முறித்துவிட்டு, அவள் கிடக்கிறாளா செத்தாளா என்றுகூடப் பார்க்காமல் வீட்டுக்குப் போய் ஜாக்கி வைத்திருக்கிறான் பாவி. அதையும் நடு ஷெட்டில் நின்று சிரித்துக்கொண்டே சொல்கிறான். சூரிய உதயம் வேண்டுமாம் இவன் மூஞ்சிக்கு.

ஸ்டேஷனுக்குப் போனபோது மணி மூன்று பத்து. ஜேசுபாதம் சுவரோரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது, விரல்களில் ஒட்டிப்போன கிரீஸ், எதிரே வைத்த டீ ஆடை கட்டிக் கிடந்தது. செல்வதுரை பேப்பர்களை அடுக்கிக்கொண்டிருந்தார். சுதர்சனம் ஷெட் கதையைச் சொன்னதும் அடுக்கியதை நிறுத்தினார். ரீல்ஸை இரண்டு தடவை பார்த்தார். தன் யோசனை போன இடம் அவருக்குப் பிடிக்கவில்லை, ஆனால் கணக்குப் புரிந்தது. ஜேசுபாதத்தைப் பார்த்து, ஏன்யா, வண்டி அவனுதுதானா, வாயைத் திறந்து சொல்லு என்றார்.

ஜேசுபாதம் திறந்தார். ஆனால் யாரும் எதிர்பார்த்ததைச் சொல்லவில்லை.

"யாரு ஓட்டுனா என்ன சார். உடைஞ்சது என் கட்டை. நான் கடைஞ்சது. அது தாங்கும்னு நம்பித்தான் அவன் ஓட்டுனான். உடைஞ்சதுனால வண்டி சறுக்கிருச்சு, அந்தம்மா கால் போச்சு. அவன் வந்து சொன்னான். ரெண்டு நாளா யோசிச்சுப் பாக்கேன், அவன் சொல்லுததுல தப்பு இல்ல. என்னைய அனுப்பிருங்க."

பிளாரன்ஸுக்கு அவர் கன்னத்தில் ஒன்று வைக்க வேண்டும் போலிருந்தது. இந்த மனுஷன் ஜெயிலுக்குப் பயப்படவில்லை. தன் கை தப்புச் செய்துவிட்டது என்று நம்பி உட்கார்ந்திருக்கிறார். அந்த நம்பிக்கையை அந்தத் தடியன் செவ்வாய்க்கிழமை அரை மணி நேரம் பேசியே அழகாக மனசுக்குள் ஏற்றிவிட்டுப் போயிருக்கிறான். மணி மூன்று இருபது. இவரே வேண்டுமென்று கேட்டால் எந்த வக்கீல் வந்து என்ன செய்ய?

சுதர்சனம் அவர் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தார். பையிலிருந்து பழைய கட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தார். செல்வதுரையிடம் கேட்டு வரப்பில் கிடைத்த பாதியையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தார்.

"நான் நொறுங்கின வண்டியைப் பார்த்தவன்தான், கட்டை கடைஞ்சவன் இல்லை. நீங்க பார்த்துச் சொல்லுங்கோ. இது ரெண்டும் ஒரே இடத்துல இருந்துதா?"

ஜேசுபாதம் முதலில் பார்க்கவே மாட்டேன் என்பதுபோல் இருந்தார். பிறகு கை தானாகப் போனது. உடைந்த பாதியைத் திருப்பினார். சுருள் தழும்பைக் கட்டை விரலால் தடவினார். மறுபக்கம் திருப்பித் தடவினார். இன்னொரு தடவை. ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"பெயிண்ட் இல்லையே" என்றார்.

"இல்லை."

"பாடில முட்டி இருந்துச்சுன்னா பெயிண்ட் ஒட்டாம இருக்காது. இது பாடியத் தொடவே இல்ல. அப்ப இதுக்கும் பாடிக்கும் நடுவுல என்ன இருந்துச்சு?"

"நாசரேத் கூட்டாளிக்குன்னு வாங்கிண்டு போனானே, அந்த செட்" என்றார் சுதர்சனம். "மூணும் மூணும் ஆறு. அப்போதான் அஞ்சடி ரெண்டு அங்குலம் வரும்."

ஜேசுபாதம் எழுந்து நின்றார். நேற்று சாயங்காலத்திலிருந்து அவர் எழுந்து நின்றது இதுதான் முதல் தடவை என்று கான்ஸ்டபிள் ஒருவர் பிற்பாடு சொன்னார். முகமெல்லாம் சிவந்துவிட்டது. ஜெயில் என்றபோது வராத கோபம் இப்போது வந்தது.

"ரெண்டு கட்டைய ஒண்ணு மேல ஒண்ணு அடுக்குனானா? போல்ட்டு கிடையாது, புடிமானம் கிடையாது, ஸ்பிரிங்கு மேல சும்மா அடுக்கி வச்சு வரப்புல குதிச்சானா? ஏலே, மேட்டுல ஏறி வண்டி எந்திரிச்சா ஸ்பிரிங்கு விரியும். விரிஞ்சா மேல உள்ளது நகரும். திரும்ப உக்காரும்போது ஓரத்துல உக்காந்து கீழ உள்ளத ரெண்டா பிளக்கும். இத நான் அவங்கிட்ட நூறு தடவ சொன்னேன். மூணு இஞ்சுக்கு மேல மாதாவே வந்து கேட்டாலும் ஏத்த மாட்டேன்னு சொன்னேன். நாசரேத்துன்னு பொய் சொல்லி வாங்கிட்டுப் போய், அதையும் பண்ணிட்டு, எங்கிட்டயே வந்து உன் கட்டை உடைஞ்சு போச்சுன்னு சொல்லுதானே, அவன் மனுசனா?"

செல்வதுரை ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு, பிரையண்ட் நகருக்கு ஜீப்பை எடுக்கச் சொன்னார். பிறகு மாஜிஸ்திரேட்டுக்கு எழுதி வைத்திருந்த பேப்பரை நாலாக மடித்துக் கூடையில் போட்டுவிட்டு, புதுசாக ஒன்றை எடுத்தார். ஜேசுபாதத்தை எதிரே உட்காரச் சொன்னார். தன் தப்பை மறைக்கிற போலீஸ்காரர்களுக்கு வருகிற ஒரு கண்டிப்பு குரலில் வந்தது.

"நேத்து கட்டை என்னுதுன்னு சொன்ன. இன்னைக்கு இல்லங்கியா?"

"கட்டை என்னுதுதான் சார். தப்பு என்னுது இல்ல. ரெண்டையும் தனித்தனியா எழுதுங்க."

செல்வதுரை எழுதினார். பேர், வயது, தொழில், தூத்துக்குடியில் தூக்கிவிட்ட வெள்ளை மாருதி எத்தனை, இன்னொன்று யாருடையது. ஜேசுபாதம் ஒவ்வொன்றுக்கும் முழுசாகப் பதில் சொன்னார். கடைசியில் பேப்பரை நீட்டியபோது கிரீஸ் விரலை வேட்டியில் துடைத்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். அல்போன்சாவுக்கு போன் போட்டுத் தரட்டுமா என்று பிளாரன்ஸ் கேட்டாள். வேண்டாம் என்று தலையசைத்தார்.

"அவகிட்ட பெறவு பேசுதேன். சீனித்தாய் அம்மா எந்த வார்டுன்னு மட்டும் சொல்லு தாயி. ரெண்டு நாளா ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் போயிட்டுப் போயிட்டுத் திரும்பி வந்தேன். இப்ப அவ்வொ மொகத்துல முழிக்கலாம்."